உறுமல் வந்த வழி

நுழையும்முன்

திரையரங்கின் பின்சுவரில் உள்ள சிறு சதுரத் துளைகளின் வழியாகவே தமிழ்நாடு பல்லாண்டுகள் கதை கண்டது. துளைகளுக்கு அப்பால் ஓர் அறை. அறைக்குள் இரண்டு இயந்திரங்கள். அவற்றின் அருகே ஒரு தொழிலாளர். படம் நடுவில் நின்றால் அரங்கமே விசிலடித்து அவரைத் திட்டும்; நிற்காமல் ஓடினால் அவரை எவரும் நினைப்பதில்லை. பழைய படவீழ்த்தியின் மின்கம்பிகளுக்குள் ஒளிந்திருக்கும் பழுதை அவர் எவ்வாறு தேடிப் பிடித்தார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பேசத் தொடங்கிய படம்

சென்னை அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் உள்ள ஒரு பழங்கட்டடம் 1913ஆம் ஆண்டில் திரையரங்காக எழுந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் எலெக்ட்ரிக் தியேட்டர். நடிகரின் பெயரன்று, மின்சாரத்தின் பெயரே மக்களை ஈர்த்த காலம் அது. அதற்கும் எட்டு ஆண்டுகள் முன்பே, 1905இல், திருச்சியில் தொடருந்துத் துறை வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர்ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை அமைத்தார்.

பேசாப்படக் காலத்துக் கருவிகளில் பல கையால் சுழற்றப்பட்டவை. அவற்றில் மின்கம்பியின் வேலை குறைவு. ஒளி வந்தால் படம் உண்டு, வாராவிட்டால் இல்லை. பழுது வெளிப்படையாகத் தெரியும். 1931ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்த்திரை பேசத் தொடங்கியதும் இந்நிலை மாறிற்று. ஒலிக்கென ஒரு விளக்கு, ஒளியை மின்னாக மாற்றும் கலம், அம்மின்னைப் பெருக்கும் வால்வுகள், அவற்றுக்கெல்லாம் வெவ்வேறு அளவில் மின்னழுத்தம் வழங்கும் மின்மாற்றிகள் என ஆப்பரேட்டர் அறை கம்பிகளால் நிறைந்தது. கூடாரக் கொட்டகைகளில் எண்ணெய் எஞ்சினால் சுழலும் மின்னாக்கியும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து பழுது என்பது கண்ணுக்குத் தெரிவதாக இல்லை; காதால் கேட்டு, கருத்தால் பிரித்து அறியவேண்டியதாயிற்று.

ஒளி ஒலியாகும் பாதை

பழுதைத் தேடுவதற்கு முன் பாதையை அறிதல் வேண்டும். 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளின் ஓரத்தில், படச்சட்டகங்களுக்கும் துளைகளுக்கும் இடையே, ஒரு மெல்லிய கோடு நெடுக ஓடுகிறது. இதுவே ஒலித்தடம். எக்சைட்டர் விளக்கு என அரங்கத்தார் அழைக்கும் சிறுவிளக்கின் ஒளி, ஒரு வில்லையால் தலைமுடியினும் மெல்லிய கீற்றாகக் குவிக்கப்பட்டு அத்தடத்தின்மேல் விழும். தடத்தின் வெண்பகுதி விரிந்தும் சுருங்கியும் வருவதால், அதனைக் கடந்து செல்லும் ஒளி கூடியும் குறைந்தும் ஒளி மின்கலத்தை அடையும். அக்கலத்திலிருந்து கிடைக்கும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் அளவிலானது. அதைப் பெருக்கி, திரைக்குப் பின்னுள்ள ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் கதாநாயகியின் குரல் பிறக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒளிவாயிலில் படச்சுருள் ஒவ்வொரு சட்டகத்திற்கும் ஒருமுறை நின்று நகர்கிறது. நொடிக்கு 24 முறை. ஆனால் ஒலிக்கு அந்த வெட்டு நடை ஆகாது. ஆற்றுநீர் போன்ற சீரான ஓட்டம் வேண்டும். ஆகவே ஒளிவாயிலுக்குக் கீழே, ஒரு வளைவுக்குப் பிறகு ஒலித்தலை தனியாக அமைந்துள்ளது. ஒரு காட்சிக்குரிய ஒலி, அக்காட்சிக்கு ஏறத்தாழ 20 சட்டகங்கள் முன்னதாகவே சுருளில் பதிக்கப்பட்டிருக்கும். வாயசைவும் சொல்லும் பொருந்தாவிட்டால், சுருளை மாட்டும்போது விட்ட வளைவு கூடியிருக்கலாம் அல்லது குறைந்திருக்கலாம். அதற்குக் கம்பிகளைப் பிரித்துப் பார்ப்பது வீண்வேலை. எது மின்பழுது அன்று என்பதை முதலில் அறிந்தவரே நல்ல மின்பழுதறிஞர்.

இரண்டு இயந்திரங்களும் ஓர் அட்டைத் துண்டும்

பழைய படவீழ்த்திகளில் மிகுதியாகக் கேட்கும் முறையீடு உறுமல். உரையாடலின் இடைவெளிகளில், துயரக் காட்சியின் அமைதியில், 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஓடும் ஓசை அது. காரணங்களோ பல. மின்வழங்கியின் மின்தேக்கி வறண்டிருக்கலாம். எக்சைட்டர் விளக்குக்குச் செல்லும் மின்னோட்டம் தூயதாக இல்லாதிருக்கலாம். கலத்திலிருந்து வரும் கம்பியின் மேலுறை அறுந்திருக்கலாம். வால்வு ஒன்று தளர்ந்திருக்கலாம். அனுபவமற்றவர் உடனே திருப்புளியை எடுப்பார். அனுபவமுள்ளவர் கையைக் கட்டிக்கொண்டு சற்றுநேரம் கேட்பார்.

அவர் செய்யும் முதற்சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. அரங்கில் இரண்டு படவீழ்த்திகள் இருப்பது, ஒரு ரீல் முடியும்போது அடுத்ததைத் தடையின்றித் தொடங்குவதற்காக. ஆயினும் பழுதறிவோர்க்கு அது ஒரு கொடை. இரண்டு இயந்திரங்களுக்கும் பெருக்கி ஒன்றே. ஒலியை இடது இயந்திரத்திலிருந்து வலதுக்கு மாற்றிப் பார்த்தால் போதும். இரண்டிலும் உறுமினால் பழுது பொதுவான பகுதியில், அதாவது பெருக்கியிலோ அதன் மின்வழங்கியிலோ உள்ளது. ஒன்றில் மட்டும் உறுமினால் பெருக்கிக்கு அதில் பங்கில்லை. ஒரே ஒரு விசையைத் திருப்பியதில் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அடுத்த சோதனைக்கு ஒரு துண்டு அட்டை வேண்டும். திரைப்பட நுழைவுச்சீட்டே போதும். படச்சுருளை மாட்டாமல், எக்சைட்டர் விளக்கை மட்டும் எரியவிட்டு, விளக்கிற்கும் ஒளி மின்கலத்திற்கும் இடையே அட்டையை நுழைப்பார் ஆப்பரேட்டர். உறுமல் நின்றால் அது ஒளியோடு வந்தது; விளக்குதான் துடிக்கிறது. நிற்காவிட்டால் அது ஒளிக்குப் பிந்திய கம்பிகளில் புகுந்தது. விளக்கு, வில்லை, கலம், கம்பி, பெருக்கி என நீண்ட சங்கிலியை ஓர் அட்டைத் துண்டு இரண்டாக வெட்டிவிடுகிறது.

விளக்கு துடிப்பதேன்? நம் நாட்டு மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் நேர்த்திசையில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை என விளக்கிழை இருமுறை வெம்மை கொள்வதால், ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். நம் கண் அதைக் காணாது; ஒளி மின்கலம் காணும். எனவேதான் எக்சைட்டர் விளக்குக்குத் திருத்தப்பட்டு வடிகட்டப்பட்ட நேர்த்திசை மின்னோட்டம் தருகின்றனர். தடித்த இழையைப் பயன்படுத்தியதும் இதே நோக்கில்தான். தடித்த இழை விரைவில் குளிராது. சில கருவிகளில் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் விளக்கை எரித்துச் சிக்கலையே தாண்டிச் சென்றனர். திருத்தியின் மின்தேக்கி வலுவிழந்தால் மறைந்திருந்த துடிப்பு மீண்டும் தலைகாட்டும்.

இசைப்பயிற்சி உடையவர்க்கு இங்கே ஒரு நன்மை உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஓசைக்கும் 100 ஹெர்ட்ஸ் ஓசைக்கும் இடைவெளி சரியாக ஒரு ஸ்தாயி. கீழ் ஷட்ஜம் கேட்டால் மின்மாற்றியின் காந்தப்புலமோ புவியிணைப்பின் கோளாறோ காரணமாகலாம் என்றும், மேல் ஷட்ஜம் கேட்டால் திருத்தியின் வடிகட்டி என்றும் காது சொல்லிவிடும். எனினும் காதின் தீர்ப்பை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. முழு அலைதிருத்தியின் ஒருபாதி செயலிழந்தால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் 50ஆக இறங்கிவிடும். அப்போது உறுமலைக் கேட்டு மின்மாற்றியை ஐயுறுவோம். குற்றவாளி திருத்தியிலேயே இருக்கும்.

நான்கு ஹெர்ட்ஸ் வேறுபாடு

எல்லா உறுமலும் மின்சாரத்தால் வருவதில்லை. கம்பிகளை எல்லாம் மாற்றியும் தீராத உறுமல் ஒன்று உண்டு. படச்சுருளில் ஒரு சட்டகத்திற்கு ஒருபக்கத்தில் நான்கு துளைகள். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுவதால் 24 × 4 = 96 துளைகள் நொடிதோறும் கடக்கின்றன. சுருளைப் பக்கவாட்டில் நிறுத்தும் உருளை தேய்ந்து, ஒளிக்கீற்று ஒலித்தடத்தை விட்டுச் சற்றே விலகித் துளைகளின்மேல் விழுந்தால், ஒலிபெருக்கியில் 96 ஹெர்ட்ஸ் உறுமல் எழும். எதிர்ப்பக்கம் விலகிப் படச்சட்டகங்களின் ஓரத்தைத் தொட்டால், சட்டக இடைக்கோடுகள் நொடிக்கு 24 முறை குறுக்கிட்டுப் பழைய படகு எஞ்சின் போலப் 'படபட'க்கும்.

96க்கும் 100க்கும் உள்ள இடைவெளி ஷட்ஜத்திற்கும் சுத்த ரிஷபத்திற்கும் உள்ள இடைவெளியினும் குறைவு. தேர்ந்த காதும் தடுமாறும். ஆனால் கருத்து தடுமாற வேண்டியதில்லை. படவீழ்த்தியின் மோட்டாரை நிறுத்தி, விளக்கையும் பெருக்கியையும் மட்டும் இயங்கவிட்டால் போதும். துளையால் வந்த உறுமல் சுருள் நின்றதும் நின்றுவிடும். மின்வழங்கியால் வந்தது சுருள் நின்றாலும் தொடரும். முன்னதற்கு வேண்டியது உருளையைச் சரிசெய்யும் திருப்புளி. பின்னதற்கு வேண்டியது மின்தேக்கி.

இரண்டு பழுதுகளும் ஒருங்கே இருந்தால் என்ன கேட்கும்? நெருங்கிய அதிர்வெண் கொண்ட இரண்டு ஒலிகள் சேரும்போது விம்மல் தோன்றும் என்பதை இயற்பியலில் படிப்பீர்கள். 100க்கும் 96க்கும் வேறுபாடு 4. ஆகவே உறுமல் நொடிக்கு நான்கு முறை ஓங்கியும் ஒடுங்கியும் கேட்கும். பாடநூலின் ஒரு சூத்திரம் ஆப்பரேட்டர் அறையில் மூச்சுவிடுவதுபோல ஒலிக்கும் இடம் அது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். அங்குச் செய்யப்பட்ட படவீழ்த்தியின் மாறுதிசை மோட்டாரை நம் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் அப்படியே ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகும். 24 சட்டகங்கள் ஓடவேண்டிய நொடியில் 20 மட்டுமே ஓடும். இரண்டரை மணிநேரப் படம் மூன்று மணிநேரம் நீளும்; பாடுபவரின் குரல் மூன்று சுரத்தானம் இறங்கும். இது கம்பிப் பழுதன்று. கப்பியின் அளவை மாற்றினால் தீரும்.

எர்த் கம்பியை வெட்டலாமா?

ஒளி மின்கலத்திலிருந்து பெருக்கிக்குச் செல்லும் கம்பி மிக நுண்ணிய மின்னோட்டத்தைச் சுமப்பதால், சுற்றியுள்ள மின்புலங்கள் அதனுள் எளிதில் புகும். அதைத் தடுக்க அக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னலுறை ஒன்று போர்த்தப்பட்டிருக்கும். இவ்வுறையின் இரண்டு முனைகளும் புவியுடன் இணைக்கப்பட்டுவிட்டால், இயந்திரத்தின் இரும்புச் சட்டமும் உறையுமாகச் சேர்ந்து ஒரு வளையம் உண்டாகும். அருகிலுள்ள மின்மாற்றி அவ்வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும், உறுமல் பிறக்கும்.

இதற்குச் சரியான தீர்வு, உறையை ஒரு முனையில் மட்டும் புவியுடன் இணைத்து மறுமுனையை விடுவிப்பது. தவறான தீர்வு ஒன்றும் உண்டு. இயந்திரத்தின் உடலிலிருந்து செல்லும் பச்சை நிற எர்த் கம்பியையே கழற்றிவிடுவது. அப்போதும் வளையம் அறுந்து உறுமல் நிற்கும், பார்வையாளர் மகிழ்வர், முதலாளி பாராட்டுவார். ஆனால் பின்னொரு நாள் உள்ளே ஒரு கம்பியின் மேலுறை நைந்து இயந்திரத்தின் இரும்பைத் தொட்டால், 230 வோல்ட் முழுவதும் அவ்விரும்பில் ஏறி நிற்கும். புவிக்குச் செல்ல வழியில்லாததால் உருகுகம்பி அறுந்து எச்சரிக்காது. ரீல் மாற்ற வந்து இயந்திரத்தில் கைவைப்பவரின் உடலே அந்த வழியாகிவிடும். ஒலிக்காக உறையின் ஒரு முனையை விடுவிக்கலாம். உயிரைக் காக்கும் புவியிணைப்பை எக்காரணம் பற்றியும் தொடலாகாது. ஓசை நின்றதா என்று மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

மழைக்காலத்தில் மட்டும் வரும் கரகரப்பும் இவ்விடத்ததே. பழைய வாயு நிரப்பிய ஒளி மின்கலத்திற்கு ஏறத்தாழ 90 வோல்ட் அழுத்தம் தரப்படுகிறது. அதன் சுற்றிலுள்ள மின்தடைகள் மிகப் பெரியவை. ஐப்பசி, கார்த்திகை ஈரம் கலத்தின் தாங்கியில் படியும் தூசியோடு சேர்ந்தால், அந்த மெல்லிய படலமே மின்னோட்டத்திற்குக் கள்ளவழியாகிறது. மின்சாரத்தை நிறுத்தித் தாங்கியைச் சாராயத்தால் துடைத்து உலர்த்தினால் தீரும் இப்பழுதிற்குப் புதிய பெருக்கியே வாங்கிய அரங்குகளும் இருந்திருக்கக் கூடும்.

வில் விளக்கும் தளர்ந்த முடுக்கியும்

ஒலியில் நுண்ணிய மின்னோட்டம் படுத்தும் பாடு இது. ஒளியில் நிலைமை நேர்மாறு. செனான் விளக்குகள் வருவதற்கு முன் திரையை ஒளிரச்செய்தது கார்பன் வில். இரண்டு கார்பன் குச்சிகளை ஒருகணம் தொடவைத்துச் சற்றே விலக்கினால் இடையில் மின்வில் எழும். நேர்மின்முனைக் குச்சியின் நுனியில் ஒரு குழி உண்டாகி 3500 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் வெண்மையாக ஒளிரும். திரையில் நாம் கண்ட ஒளியில் பெரும்பங்கு அக்குழியிலிருந்து வந்ததே. பின்னுள்ள குழியாடி அக்குழியை நோக்கியே குவிக்கப்பட்டிருக்கும்.

திருத்தியைப் பழுதுபார்த்தபின் நேர்முனையும் எதிர்முனையும் இடம்மாறி இணைக்கப்பட்டால், குழி தவறான குச்சியில் விழும். ஒளி மங்கும், நிலைகொள்ளாது ஆடும். இதை அறிய அளவி தேவையில்லை. கரும்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வில்லை ஒருகணம் எரித்து அணைத்தால், நீண்ட நேரம் செந்தணலாக நிற்பது நேர்முனை.

வில்லின் இயல்பு விந்தையானது. மின்னோட்டம் மிகுந்தால் அதன் மின்னழுத்தம் குறைகிறது. ஓம் விதிக்குப் பழகிய நமக்கு இது முரணாகத் தோன்றும். கட்டுப்படுத்தும் மின்தடை ஒன்று தொடரில் இல்லாவிட்டால், வில் மேலும் மேலும் மின்னோட்டத்தை உண்டு உருகுகம்பியை எரித்துவிடும். அந்த மின்தடையில் பெருகும் வெப்பம் வீணாகப் போகிறதே என்று எண்ணி அதன் சுருள்களில் சிலவற்றை நீக்குவது, கடிவாளத்தை அறுத்துவிட்டுக் குதிரைக்குப் பாரம் குறைந்தது என மகிழ்வதை ஒக்கும்.

வில் விளக்கின் சுற்றில் பழுது பெரும்பாலும் இணைப்புகளில்தான். ஒரு முடுக்கி தளர்ந்து, அவ்விணைப்பில் 0.02 ஓம் மின்தடை மட்டுமே கூடியிருப்பதாகக் கொள்வோம். சாதாரண மல்டிமீட்டர் அதனைச் சுழியம் என்றே காட்டும். 'இணைப்பு நன்று' என்று சான்றளித்துவிடும். ஆனால் 60 ஆம்பியர் ஓடும்போது அவ்விடத்தில் பிறக்கும் வெப்பம் 60 × 60 × 0.02 = 72 வாட். பற்றவைக்கும் சூட்டுக்கோலுக்கு நிகரான வெப்பம் ஒரு முடுக்கிக்குள்! செம்பு கருகும்; கருகியதால் மின்தடை இன்னும் மிகும்; மிகுந்ததால் வெப்பம் இன்னும் ஏறும். திரையில் ஒளி காரணமின்றி மங்கி மீள்வது இதன் அறிகுறி.

ஆகவே இத்தகைய இணைப்பை ஓய்வுநிலையில் சோதித்துப் பயனில்லை. முழு மின்னோட்டம் ஓடும்போது இணைப்பின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாட்டை அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் அது புறக்கணிக்கத்தக்கது. நாம் சொன்ன இணைப்பிலோ 60 × 0.02 = 1.2 வோல்ட் காட்டும். படுத்திருக்கும் நோயாளிக்கு மூச்சு சீராக இருக்கலாம். படியேறச் சொன்னால்தான் நோய் தெரியும். இச்சோதனை பயிற்சி பெற்றவர்க்கே உரியது. மாணவர் செய்துபார்க்கத் தக்கதன்று.

கருப்பு எது?

பழைய கருவியின் உட்கம்பிகள் தம் வயதைத் தாமே சொல்லும். இரப்பர் மேலுறையும் அதன்மேல் பருத்திப் பின்னலும் கொண்ட கம்பிகள் வெளியே பார்க்கத் திடமாக இருக்கும். வளைத்தால் உள்ளிருக்கும் இரப்பர் அப்பளம் போல நொறுங்கும். அசையாதவரை அவை பணிசெய்யும். பழுதுபார்ப்பதற்காக ஒருவர் இழுத்து நகர்த்தியதாலேயே புதுப்பழுது பிறக்கும். விளக்குக் கூண்டின் அருகில் வெப்பத்தைத் தாங்கக் கல்நார் சுற்றிய கம்பிகளைப் பயன்படுத்தியுள்ளனர். கல்நார்த் துகள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஆகவே அதைச் சுரண்டுவதும் ஊதித் தூய்மை செய்வதும் கூடாது. எலிகளின் பங்கைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. முறுக்கும் கடலையும் விற்கும் அரங்குகளில் எலிக்கு என்ன குறை?

நிறத்தை நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. நம் நாட்டு வழக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை மின்னேறிய பேஸ் கம்பிகள்; கருப்பு நியூட்ரல். அமெரிக்க வழக்கிலோ கருப்பே மின்னேறிய கம்பி, வெள்ளை நியூட்ரல். பழைய அரங்குகளில் சிம்ப்ளெக்ஸ் போன்ற அமெரிக்க இயந்திரங்களும் காலி போன்ற ஆங்கிலேய இயந்திரங்களும் இருந்திருக்கின்றன. அமெரிக்க இயந்திரத்தின் பெட்டியைத் திறந்து, கருப்பை நியூட்ரல் என்று நம்பித் தொடுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பலமுறை பழுதுபார்க்கப்பட்ட இயந்திரத்தில் எந்த நாட்டு வழக்கும் முழுமையாக இராது. கையில் கிடைத்த நிறத்தில் கம்பி மாட்டியிருப்பர். கதவின் உட்புறம் ஒட்டிய சுற்றுவரைபடமும் பிந்தைய மாற்றங்களை அறியாது. எனவே நிறத்தை நம்பாமல் அளவியை நம்புவதும், ஒரு கம்பியைக் கழற்றுமுன் அதில் எண் எழுதிய சீட்டைக் கட்டுவதும் அத்தொழிலின் அரிச்சுவடி.

நெடுநாள் உறங்கிய இயந்திரம்

2010ஆம் ஆண்டை ஒட்டிய ஆண்டுகளில் எண்மியப் படவீழ்த்திகள் அரங்குகளில் நிறைந்தபோது, படச்சுருள் இயந்திரங்கள் பழைய இரும்பாக எடைக்குப் போயின. எஞ்சியவை மூலைகளில் கிடக்கின்றன. அவற்றை மீண்டும் இயக்க வேண்டிய தேவை முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1964இல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் படச்சுருள்கள் காக்கப்படுகின்றன. எண்மிய வடிவிற்கு மாற்றப்படாத ஒரு படத்தை, அது உருவான முறையிலேயே திரையில் காணப் பழைய இயந்திரமே வழி.

நெடுநாள் உறங்கிய இயந்திரத்தை நேரே மின்னிணைப்பில் செருகக் கூடாது. பெருக்கியிலுள்ள மின்பகு மின்தேக்கிகளின் உட்புறம் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. மின்னழுத்தம் படாமல் ஆண்டுகள் கழிந்தால் அப்படலம் நலிந்துவிடும். திடீரென 300, 400 வோல்ட் ஏறினால் மின்தேக்கி சூடேறி வெடிக்கலாம். மின்னழுத்தத்தைச் சிறிதுசிறிதாக உயர்த்தினால் படலம் மீண்டும் வளர வாய்ப்புண்டு. வளராததை மாற்றிவிட வேண்டும். இதற்கெனக் கருவி இல்லாதவர்கள் சீரியஸ் லேம்ப் என்னும் எளிய முறையைக் கையாள்வர். மின்னிணைப்பின் ஒரு கம்பியில் 100 வாட் குமிழ்விளக்கைத் தொடராக இணைத்துவிடுவர். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் முழுவெளிச்சத்தில் எரியும், இயந்திரம் தப்பும். இல்லையேல் ஒருகணம் மின்னி மங்கும். பழுதைச் சொல்வதும் பழுதிலிருந்து காப்பதும் ஒரே விளக்கு.

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகள் பலநூறு வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். பெயரே அதைத்தான் சொல்கிறது. தக்க மின்தடை வழியாக அதை வெளியேற்றிய பிறகே உள்ளே கைவைப்பர். அப்போதும் ஒரு கையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொள்வது மூத்த தொழிலாளர் வழக்கம். இரு கைகளும் உள்ளே இருந்தால் மின்னோட்டம் ஒரு கையில் ஏறி மறுகையில் இறங்கும். இடையில் இருப்பது இதயம்.

கடைசியாகத் தேடவேண்டியது, முன்னவர் விட்டுச்சென்ற குறுக்குவழிகளை. உருகுகம்பி அடிக்கடி அறுகிறது என்று அதனிடத்தில் தடித்த செம்புக்கம்பியை முறுக்கி வைத்திருப்பர். படச்சுருள் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் காப்பு விசை தொல்லை தருகிறது என்று அதன் இருமுனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்திருப்பர். அன்றைய காட்சி அதனால் நடந்தேறியிருக்கும். ஆனால் காப்பு விசை செயலற்ற இயந்திரத்தில் சுருள் அறுந்தால் மோட்டார் நிற்பதில்லை; மேலிருந்து இறங்கும் சுருள் சுற்றப்படாமல் பற்சக்கரங்களுக்கிடையே குவிந்து கசங்கும். ஒளிவாயிலில் நின்றுவிட்ட சட்டகமோ விளக்கின் வெம்மையில் உருகும். 1950களின் தொடக்கம் வரை வழங்கிய நைட்ரேட் படச்சுருளாயின் தீயே பற்றும். ஆகவே அத்தகைய சுருள்களைச் சாதாரண அறைகளில் ஓட்டுவதே இல்லை.

இக்குறுக்குக் கம்பிகளை எல்லாம் நீக்கி, உரிய அளவுள்ள உருகுகம்பியை இட்டு, காப்பு விசையைக் கையால் தட்டி மோட்டார் நிற்கிறதா என்று பார்ப்பர். பின்னர்ப் பயனற்ற பழைய சுருளின் சில அடிகளை முனைக்கு முனை ஒட்டி வளையமாக்கி, அரைமணி நேரம் ஓடவிடுவர். இணைப்புகள் சுடுகின்றனவா, உறுமல் எழுகிறதா, சுருளின் ஓரம் கீறப்படுகிறதா என மூன்றையும் கவனிப்பர். ஒரே படியாக எஞ்சியிருக்கும் அரிய படத்தை அதன் பின்னரே பெட்டியிலிருந்து வெளியே எடுப்பர்.

கற்பவை கற்றபின்...

1. படவீழ்த்தியில் ஒலி பிறக்கும் பாதையை வரைபடமாக வரைந்து, அட்டைத் துண்டை எங்கே வைத்தால் எப்பகுதி சோதனைக்குள்ளாகும் என்பதைக் குறித்துக் காட்டுக.

2. உங்கள் ஊரில் படச்சுருள் இயந்திரத்தை இயக்கிய மூத்த தொழிலாளரைச் சந்தித்து, அவர் பயன்படுத்திய தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றிற்கு இணையான தமிழ்ச்சொற்களை உருவாக்குக.

3. ஒலி ஓர் இயந்திரத்தில் மட்டும் உறுமுகிறது. அட்டையை வைத்தால் நிற்கிறது. மோட்டாரை நிறுத்தினாலும் தொடர்கிறது. பழுது எங்குள்ளது என்பதைக் காரணம் காட்டி வகுப்பில் விளக்குக.